துறைமுகம் தொகுதி: ஒரு வாக்கின் விலை என்ன?



மாலை நேர மக்தபில் ஒருநாள் பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நாம் வசிக்கும் இப்பகுதி எந்தச் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது?" ஒரு பிள்ளை "மண்ணடி" என்றான். இன்னொருவன் "வடசென்னை" என்றான். அது நாடாளுமன்றத் தொகுதி, மத்திய சென்னையா வடசென்னையா என்று மற்றொருவன் வாதாடத் தொடங்கிவிட்டான். "துறைமுகம்" என்ற சரியான விடை ஒரு சிறுமியிடமிருந்து வந்தது. அவளுடைய வாப்பா கடற்கரைச் சாலையில் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பக்கத்துச் சுவரில் எழுதப்பட்டிருந்த தேர்தல் விளம்பரத்தைப் படித்து அறிந்துகொண்டாளாம்.

"அங்கே யாரெல்லாம் ஜெயித்தார்கள் அஜ்ரத்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். ஆயினும் அக்கேள்விக்கு முழுமையாக விடை சொல்ல அன்று என்னால் இயலவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நீங்கள் எந்த ஊரில் இருந்து இதைப் படித்தாலும் சரி, இது ஒரு தொகுதியின் கதை மட்டும் அன்று என்பதைப் படித்து முடிக்கையில் உணர்வீர்கள்.

கோட்டைக்கு வெளியே ஓர் ஊர்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்று ஜார்ஜ் கோட்டையை எழுப்பினர். கோட்டைக்குள் வெள்ளையர் வாழ்ந்தனர். கோட்டைக்கு வடக்கே நெசவாளர், வணிகர், துபாஷிகள், கைவினைஞர் ஆகியோர் குடியேறிய பகுதி 'கறுப்பர் நகரம்' எனப் பெயர் பெற்றது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. இந்தப் போர்க்காலத்தில், கோட்டையைப் பாதுகாக்கத் திறந்தவெளி வேண்டும் என்பதற்காகப் பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. அங்கே வாழ்ந்த மக்கள் வடக்கே தள்ளிக் குடியமர்ந்தனர். பழைய ஊர் இருந்த நிலத்தில் பின்னாளில் உயர் நீதிமன்றம் எழுந்தது. அதன் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டது.

புதிய ஊருக்கு எல்லை வகுத்து அந்நாளில் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தருகே இன்றும் நிற்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து செல்கின்றனர். நின்று பார்ப்போர் அரியர். 'இத்தூணுக்கு அப்பால் வீடு கட்டலாம், இப்பால் கட்டக் கூடாது' என்று ஆள்வோர் வரைந்த கோடு அது. ஒரு கோடு மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதற்கு அத்தூணே முதல் சாட்சி. இதை நினைவில் வையுங்கள். கோடுகளைப் பற்றி மீண்டும் பேசப் போகிறோம்.

அப்புதிய ஊர் இரு பிரிவாக வளர்ந்தது. கிழக்கே முத்தியாலுப்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டுக்கும் நடுவே, இன்று பிரகாசம் சாலை எனப்படும் பிராட்வே. வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி 1906-இல் ஊருக்கு 'ஜார்ஜ் டவுன்' என்று பெயர் சூட்டப்பட்டது. இங்குள்ள தெருக்களின் பெயர்களைப் படித்தாலே இவ்வூரின் வரலாறு விளங்கும். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, பவளக்காரத் தெரு, அர்மீனியன் தெரு, மூர் தெரு. தெலுங்கு வணிகரும், தமிழ் வணிகரும், அர்மீனியரும், குஜராத்தியரும், மார்வாடிகளும், சோனகரும் ஒரே சந்தையில் தோளோடு தோள் உரசி வாழ்ந்த ஊர் இது. காளிகாம்பாள் கோயிலும், அர்மீனியத் தேவாலயமும், மஸ்ஜிதே மாமூரும் சில நிமிட நடைத் தூரத்தில் உள்ளன.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் வணிகக் குடும்பங்களுக்கு மண்ணடி இரண்டாவது தாய்வீடாயிற்று. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவோர் இங்கே தங்கித்தான் கப்பலேறினர். 1970-களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத முதியவர் நம் சமுதாயத்தில் உண்டா? அக்கப்பல் நின்ற துறைமுகமே இத்தொகுதிக்குப் பெயர் தந்தது.

தனித் தொகுதியிலிருந்து பொதுத் தொகுதிக்கு

இன்று நாம் அனைவரும் ஒரே பட்டியலில் இடம் பெற்று, ஒரே பெட்டியில் வாக்களிக்கிறோம். ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வாறு இருக்கவில்லை. 1909-ஆம் ஆண்டின் மிண்டோ - மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறையைக் கொண்டுவந்தது. முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்; பிறருக்கு வேறு தொகுதி. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களுள் 28 முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் வாக்குரிமையோ சொத்தும் வரியும் கல்வியும் உடைய சிலருக்கே இருந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும், வீட்டில் தையல் வேலை செய்த பெண்ணுக்கும் அதில் இடம் இல்லை.

1946 தேர்தலுக்குப்பின் சென்னைச் சட்டப்பேரவையில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கியவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப். நாடு விடுதலை பெற்றபின் அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று அவர் 1949-இல் திருத்தம் கொண்டுவந்தார். சிறுபான்மையினரின் உண்மையான குரல் சபையில் ஒலிக்க அதுவே வழி என்பது அவருடைய வாதம். மதத்தின் அடிப்படையில் வாக்காளரைப் பிரிப்பது நாட்டைப் பிரித்தே வைக்கும் என்பது எதிர்த்தோரின் வாதம். எதிர்த்தோருள் முஸ்லிம் உறுப்பினரும் இருந்தனர். திருத்தம் தோற்றது. மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றின் பெயரால் எவரும் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படாமல் விடப்படக் கூடாது, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொதுப் பட்டியல்தான் என்று அரசியலமைப்பின் 325-ஆம் பிரிவு கூறுகிறது. வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்பது 326-ஆம் பிரிவு.

இவ்விரண்டு பிரிவுகளையும் தராசின் இரு தட்டுகளாக எண்ணிப் பாருங்கள். ஒரு தட்டில், சமுதாயத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம் போயிற்று. மறு தட்டில், அதுவரை வாக்கே இல்லாதிருந்த நம் ஏழைகளுக்கும் பெண்களுக்கும் வாக்கு வந்தது. எது பெரிது? விடையைத் துறைமுகம் தொகுதியின் அனுபவத்திலிருந்து தேடுவோம்.

முதல் 25 ஆண்டுகள்

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டப்பேரவைக்கு 375 இடங்கள். ஆந்திரமும், மலபாரும், தென்கன்னடமும் நம்மோடு இணைந்திருந்த காலம் அது. துறைமுகம் தொகுதியிலிருந்து காங்கிரஸைச் சேர்ந்த டாக்டர் யு. கிருஷ்ணா ராவ் தேர்வானார். மருத்துவரான அவர் இராஜாஜி அமைச்சரவையில் இடம் பெற்றார். மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபின் 1957-இல் பேரவை 205 இடங்களாகச் சுருங்கியது. மீண்டும் வென்ற கிருஷ்ணா ராவ் பேரவைத் தலைவராக அமர்ந்து, 1961-இல் பதவியில் இருக்கையிலேயே காலமானார்.

1962-இல் அதே காங்கிரஸின் சார்பில் கே.எஸ்.ஜி. ஹாஜா ஷரீப் வெற்றி பெற்றார். 1967-இல் தி.மு.க. தலைமையிலான அணியில் இருந்த முஸ்லிம் லீகின் ஹபீபுல்லா பேக் வென்றார். சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' எனப் பெயர் சூட்டும் தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று நிறைவேறிய பேரவையில் மண்ணடி மக்களின் பிரதிநிதியாக இருந்தவர் அவரே. 1971-இல் லீகின் திருப்பூர் ஏ.எம். மொய்தீன் வென்றார்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். தனித் தொகுதி முறை ஒழிந்துவிட்டது. ஒதுக்கீடு எதுவும் இல்லை. பொதுத் தொகுதியில், எல்லாச் சமயத்தாரும் வாக்களித்து, 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தொடர்ந்து முஸ்லிம் ஒருவரே தேர்வானார். ஒருமுறை காங்கிரஸ், இருமுறை முஸ்லிம் லீக். மண்ணடியின் வாக்குகள் மட்டும் இதற்குப் போதுமானவையாக இருந்திருக்க இயலாது. தம்பு செட்டித் தெருவின் வாக்கும், மீனவக் குப்பங்களின் வாக்கும், துறைமுகத் தொழிலாளரின் வாக்கும் சேர்ந்தே அவ்வெற்றிகளைத் தந்தன. அண்டை வீட்டாரின் நம்பிக்கையைப் பெற்றவர் வென்றார். இது எந்தச் சட்டமும் தர இயலாத ஒதுக்கீடு.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1977 முதல் 2021 வரை நடந்த பொதுத்தேர்தல்களில் துறைமுகம் தொகுதியிலிருந்து முஸ்லிம் ஒருவரும் தேர்வாகவில்லை. 1989-இல் முஸ்லிம் லீக் வேட்பாளரும், 2006-இல் ம.தி.மு.க.வின் சீமா பஷீரும், 2011-இல் தி.மு.க.வின் அல்தாப் ஹுசைனும் இரண்டாம் இடத்தோடு நின்றனர். காயிதே மில்லத் அஞ்சியது இதுதானா என்று கேட்போர் இருக்கலாம். எதிரெதிர் அணிகள் மூன்றும் இங்கே முஸ்லிம் வேட்பாளரை நிறுத்தத் தயங்கவில்லை என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். வேட்பாளரின் பெயரைப் பார்த்து வாக்களிப்பதா, பணியைப் பார்த்து வாக்களிப்பதா என்பதை இத்தொகுதி ஒவ்வொரு முறையும் தனக்குத்தானே முடிவு செய்துகொண்டது.

முதலமைச்சரின் தொகுதி

1977, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தி.மு.க.வின் ஏ. செல்வராசன் வென்றார். மாநிலத்தில் எம்.ஜி.ஆர். அலை வீசிய அக்காலத்திலும் இத்தொகுதி அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. அந்த உறுதியைக் கண்டதாலோ என்னவோ, அண்ணாநகரில் இருமுறை வென்றிருந்த மு. கருணாநிதி 1989-இல் துறைமுகத்துக்கு வந்தார். 41,632 வாக்குகள் பெற்று, 31,991 வாக்கு வித்தியாசத்தில் வென்று, முதலமைச்சரானார். பர்மா பஜாரும், ஈவினிங் பஜாரும், மண்ணடியும் ஒரு முதலமைச்சரின் தொகுதியாயின.

1991 ஜனவரி 30-இல் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21-இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டார். அத்துயரச் சூழலில் நடந்த தேர்தலில் தி.மு.க. மாநிலம் முழுவதும் வீழ்ந்தது. துறைமுகத்தில் கருணாநிதி வென்றார். ஆனால் எத்தனை வாக்கில்? 890. இரண்டே ஆண்டுகளில் 31,991 என்பது 890 ஆயிற்று. காங்கிரஸ் வேட்பாளர் கே. சுப்பு வெற்றியின் வாயிலைத் தொட்டுத் திரும்பினார். கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்றுக் கருணாநிதி அப்பதவியிலிருந்து விலகினார். தம் வாழ்நாளில் எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் தோற்காதவர் என்று அவரைக் குறித்துச் சொல்வார்கள். அப்பெருமை ஜார்ஜ் டவுனின் ஒரு சில தெருக்களால்தான் அன்று காப்பாற்றப்பட்டது.

1996-இல் பேராசிரியர் க. அன்பழகன் இங்கே வந்தார். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆசிரியர் அவர். தொடர்ந்து மூன்று முறை வென்றார். 1996 முதல் 2001 வரை கல்வி அமைச்சராகவும், 2006 முதல் 2011 வரை நிதி அமைச்சராகவும் இருந்தார். அந்த இரண்டு வெற்றிகளின் எண்ணிக்கையைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். 2001-இல் அவர் பெற்றவை 24,225. எதிர்த்து நின்ற தா. பாண்டியன் பெற்றவை 23,889. வித்தியாசம் 336. 2006-இல் அவர் பெற்றவை 26,545. சீமா பஷீர் பெற்றவை 26,135. வித்தியாசம் 410.

410 என்பதை எளிய கணக்காகப் பாருங்கள். 206 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். ஜும்ஆத் தொழுகையில் வரிசைக்கு 30 பேர் நிற்பதாக வைத்துக்கொண்டால், 206 பேர் ஏழு வரிசைகளைக்கூட நிரப்ப மாட்டார்கள். மாநிலத்தின் நிதி அமைச்சர் பேரவைக்கு வந்தாரா இல்லையா என்பதை அத்தகைய ஏழு வரிசைகள் தீர்மானித்தன.

கோடு மாறியது

வென்றவர் 24 ஆயிரம் வாக்கு மட்டும் பெற்றது எப்படி என்று நீங்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. ஜார்ஜ் டவுனின் வீடுகள் மெல்ல மெல்லக் கிடங்குகளாகவும் கடைகளாகவும் மாறின. கீழே கடை, மேலே குடும்பம் என்றிருந்த கட்டடங்களில் மேலேயும் சரக்கு ஏறியது. கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. குடும்பங்கள் புறநகருக்குச் சென்றன. காலையில் லட்சக்கணக்கானோர் வந்து குவிந்து, இரவில் கலைந்து செல்லும் ஊராயிற்று இது. வணிகம் இங்கே, வாக்கு வேறெங்கோ.

ஆனால் தொகுதிகளின் எல்லைகள் அசையவில்லை. காரணம் இதுதான். 1976-இல் நிறைவேறிய 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி அமைந்த இட எண்ணிக்கையை நிலைநிறுத்தி வைத்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழக்கலாகாது என்பது அதன் நோக்கம். விளைவாக, தமிழ்நாட்டில் 1967-இல் அமைந்த 234 என்ற எண்ணிக்கை மாறாமலே இருந்தது. உள்ளே கோடுகளும் நீண்ட காலம் மாறவில்லை. நகரின் நடுவில் வாக்காளர் குறைந்தனர். புறநகர்த் தொகுதிகளில் பல மடங்கு பெருகினர். மண்ணடியில் ஒருவர் வாக்குக்கு இருந்த எடை புறநகரில் ஒருவர் வாக்குக்கு இல்லை. இது நமக்குச் சாதகமாக இருந்ததால் நாம் முணுமுணுக்கவில்லை. நியாயத்தைப் பேசுவோர் தமக்கு ஆதாயமான அநியாயத்தையும் குறிப்பிட வேண்டும் அல்லவா?

நீதியரசர் குல்தீப் சிங் தலைமையில் 2002-இல் அமைந்த மறுவரையறை ஆணையம் 2001 கணக்கெடுப்பின்படி எல்லைகளைத் திருத்தியது. அதன் ஆணை 2008-இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தின் மொத்த இடங்கள் 234-ஆகவே இருந்தன. சென்னையில் 14 தொகுதிகள் 16 ஆயின. பார்க் டவுன், புரசைவாக்கம் என்ற பெயர்கள் மறைந்தன. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒரே தொகுதியாயின. துறைமுகம் பெயர் மாறாமல் தப்பியது, எல்லை விரிந்தது.

விரிந்த தொகுதியில் 336-க்கும் 410-க்கும் இடமில்லாது போயிற்று. 2011-இல் அ.தி.மு.க.வின் பழ. கருப்பையா 20,317 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கட்சித் தலைமையோடு முரண்பட்டு 2016 ஜனவரியில் பதவி விலகினார். 2016-இல் தி.மு.க.வின் பி.கே. சேகர்பாபு 4,836 வாக்கில் வென்றார். 2021-இல் 27,274 வாக்கில் மீண்டும் வென்று, இந்து சமய அறநிலையத் துறை அமைச்சரானார். பேராசிரியர் அன்பழகனோ 2011-இல் வில்லிவாக்கத்துக்குச் சென்று அங்கே தோற்றார். சின்னஞ்சிறு வித்தியாசத்தில் இருமுறை அவரைக் காத்த தெருக்கள் துறைமுகத்திலேயே இருந்துவிட்டன. அவர் 2020 மார்ச்சில் காலமானார்.

உம்மம்மாவின் வாக்கு

2006 மே 8. எனக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். என் உம்மம்மாவைக் கைத்தாங்கலாக வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றேன். வெள்ளைத் துப்பட்டி அணிந்து, பழைய அடையாள அட்டையைக் கைக்குட்டையில் முடிந்து, ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போவது போல் புறப்பட்டு வந்தார்கள். வாழ்நாளில் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை என்பது அவர்களுடைய பெருமை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். முறை வந்தபோது, பட்டியலில் அப்பெயர் இல்லை என்றார்கள். இரண்டு முறை தேடினார்கள். இல்லை.

உம்மம்மா கோபப்படவில்லை. மெல்லக் கேட்டார்கள்: "நான்தான் உயிரோடு நிற்கிறேனே தம்பி, தாளில் மட்டும் எப்படி இல்லாமல் போனேன்?"

அக்கேள்விக்கு அங்கிருந்தவர் விடை சொல்லவில்லை. விடை என்னிடம் இருந்தது. நாங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் வீடு மாறியிருந்தோம். இரண்டு தெரு தள்ளித்தான் குடிபோனோம். ரேஷன் அட்டையில் முகவரியை மாற்றினோம், எரிவாயு இணைப்பை மாற்றினோம், அஞ்சல்காரரிடமும் சொல்லி வைத்தோம். வாக்காளர் பட்டியலைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. வரைவுப் பட்டியல் வெளியானபோது போய்ப் பார்க்கவும் இல்லை. பட்டதாரியான என்னுடைய பெயரும் அதில் இல்லை என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்து வாக்குகள். ஐந்தும் அவ்வாண்டு எவருக்கும் போய்ச் சேரவில்லை. பிறரைக் குறை கூற எனக்கு என்ன தகுதி?

முடிவு வெளியான அன்று வாப்பா செய்தித்தாளைப் படித்து, "410" என்று உரக்கச் சொன்னார். உம்மம்மா தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே, "அதில் நம் ஐந்தும் இல்லை" என்றார்கள். யார் வென்றார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. அடுத்த தேர்தலுக்கு அவர்கள் இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்று அவர்கள் திரும்பி நடந்த நடையை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

வாக்கை ஒரு சாட்சியத்துக்கு ஒப்பிட்டுப் பேசிய மார்க்க அறிஞர்கள் உண்டு. இவர் தகுதியானவர் என்று நாம் அளிக்கும் சாட்சியம் அது. சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் வாய்மூடி இருப்பதும், காசுக்காகச் சாட்சி சொல்வதும் எவ்வகையில் சேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கே நம் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

எனவே, வாசகர்களே, மூன்று செய்திகளை உங்கள் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

முதலாவது: 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கப் படிவம் 6. முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் வகுக்கப்பட்டன. மகனுக்குச் சேர்க்கும்போது மகளுக்கும் சேர்த்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணமாகிச் சென்ற மகளின் பெயர் பிறந்த வீட்டுப் பட்டியலிலும் இன்றி, புகுந்த வீட்டுப் பட்டியலிலும் இன்றிப் போவது நம் இல்லங்களில் அடிக்கடி காணும் தவறு.

இரண்டாவது: வீடு மாறினாலும், பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் படிவம் 8. முஹம்மது, முகமது, மொகமத் என்று ஒரே பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பது நமக்குப் பழகிப் போயிற்று. சரிபார்க்கும் அலுவலருக்கோ அவர் மூன்று வேறு மனிதர். குடும்பத்தில் அனைவரும் ஒரே எழுத்துமுறையைக் கைக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: வரைவுப் பட்டியல் வெளியாகும்போது நேரில் பாருங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவங்கள் வந்தன. எங்கள் தெருவில் சில வீடுகளில் அது வாடகை ரசீதுகளோடு கிடந்ததைக் கண்டேன். எடுத்துக் கொடுத்து எழுத வைத்தோம். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளின் வீட்டு முதியவர்களுக்கு இதில் துணை வேண்டும். ஜமாஅத் இளைஞர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசை போட்டு அமர்ந்தால் போதும். முஸ்லிம், இந்து, கிறித்தவர் என்று பாராமல் தெருவில் உள்ள அனைவருக்கும் எழுதிக் கொடுக்கட்டும். 1962-இலும், 1967-இலும், 1971-இலும் அண்டை வீட்டார் நமக்குத் தந்த நம்பிக்கைக்கு இது ஒரு சிறு கைம்மாறாக இருக்கும்.

இறுதியாக, உங்கள் தொகுதியின் பெயரைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அது ஆம்பூராக இருக்கலாம், கடையநல்லூராக இருக்கலாம், நாகப்பட்டினமாக இருக்கலாம். 1952 முதல் அங்கே வென்றவர்களின் பெயர்களையும், வாக்கு வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மக்தபில் அச்சிறுமி கேட்ட கேள்விக்கு மறுவாரம் விடையை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் அனைவரும் சுற்றி நின்று படித்தனர். 410 என்ற எண்ணின் மேல் விரல் வைத்து, "இவ்வளவுதானா அஜ்ரத்?" என்று கேட்டாள் அவள்.

"ஆம், அவ்வளவுதான்" என்றேன். "வீட்டில் எல்லாருடைய பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே வாப்பாவிடம் கேள்."

மறுநாள் மாலை வந்து சொன்னாள். நான்கு பேரில் மூவர் பெயர் இருக்கிறதாம். அவளுடைய உம்மாவின் பெயர் இல்லையாம். படிவம் வாங்க வாப்பா போயிருக்கிறாராம்.

அல்ஹம்துலில்லாஹ்.